இரண்டு காலண்டருக்கு ஒரே பட்டியல்

சிவகாசியிலிருந்து விருதுநகர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஏற மனமில்லை. ஆட்களை வீட்டில் இறக்கிவிட்ட பட்டாசுக் கம்பெனி வேன்கள் காலியாகத் திரும்பின. என் தோள்பையில், தப்பாக அச்சான காலண்டர்களில் வகைக்கு ஒன்றும், தப்புக்குக் காரணமான என் புரோகிராமின் பிரிண்டும் இருந்தன.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸ், லாரி செட், செங்கல் சூளை என்று திரிந்துவிட்டு, சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே ஜாவா கற்றேன். அதை நம்பி ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பொது விசேஷங்களோடு ஆர்டர் கொடுத்தவரின் சொந்த நாட்களையும் சேர்த்து மாதத்தாள் அமைப்பது என் புரோகிராமின் வேலை.

முதல் ஆர்டர் விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த பாயுடையது. வெள்ளிதோறும் மதியம் கடை அடைப்பு என்று போட வேண்டும். போட்டுக் காட்டினேன், சரி என்றார். அடுத்து ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் கமிட்டி. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள் வேண்டும் என்றார்கள். அதையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன். மறுபடி சரிபார்க்கவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது.

நான் நடக்கத் தொடங்கிய அன்று மதியம்தான் பாய் காலண்டரோடு அச்சகத்துக்கு வந்து நின்றார்.

“காப்புக் கட்டுனா ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாதாமே மொதலாளி. நான் சரக்கெடுக்க குண்டூர் போகவா, வேண்டாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அந்த வரியை அழித்துவிடுகிறேன் என்றேன். அது எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

“ஏன் ஆச்சுன்னு தெரிஞ்சா வேலைக்கு வாலே. தெரியாமத் திருத்துற ஆளு எனக்கு வேண்டாம்.”

வழி நெடுக எரிச்சல். இரண்டு ஆர்டருக்கும் ஒரு பொது மாதிரியிலிருந்து கடைப் பெயரையும் சமக்குறி போட்டுத்தான் எடுத்தேன், விசேஷப் பட்டியலையும் அப்படித்தான் எடுத்தேன். பெயர் ஒழுங்காக நின்றது, பட்டியல் மட்டும் ஏன் கெட்டது? பிரிண்டைப் பத்து தடவை படித்தும் ஒரு வரிகூடத் தப்பாகத் தெரியவில்லை.

ஆமத்தூருக்குப் பாதை பிரியும் விலக்கில், விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து, மதியம் யாரும் புரட்டாத கோயில் காலண்டரைப் புரட்டினேன். அம்மன் படத்துக்குக் கீழே வெள்ளிதோறும் கடை அடைப்பு. பாயின் காலண்டரைப் பக்கத்தில் வைத்தேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை இரண்டிலும் ஒரே நாட்கள், பெயர் மட்டும்தான் வேறு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எதுவும் தாவவில்லை. இருந்ததே ஒரு பட்டியல்தான். சமக்குறி அதை நகல் எடுக்கவில்லை, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் கொடுத்திருக்கிறது. கடைப் பெயரை மாற்றும்போது பழையதை விட்டுவிட்டுப் புதியதை வைத்தேன். பட்டியலிலோ உள்ளேயே கைவிட்டுச் சேர்த்தேன். எந்தப் பெயரைச் சொல்லிச் சேர்த்தாலும் அது ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. பொதுப் பட்டியலை நகலெடுத்து ஆளுக்கொரு புதுப் பட்டியல் வைத்திருந்தால் முடிந்த விஷயம். இதைப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.

காலையில் போய் முதலாளியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“அப்பம் அங்கன ஒன்னத் திருத்துனா எல்லாம் திருந்தும்?”

ஆமாம் என்றேன்.

“இங்கன அச்சடிச்சதுல திருந்தாது. புரோகிராமுக்கு அப்பறம் வரலாம். போய் ஒட்டு.”

பைண்டிங் பகுதியில் பெண்களோடு உட்கார்ந்தேன். பாயின் காலண்டருக்குப் பங்குனியில் ஒரு வெள்ளைத் துண்டு போதும். கோயில் காலண்டர் ஒவ்வொன்றிலும் வருஷத்து வெள்ளிக்கிழமைகள் அத்தனைக்கும் ஒட்ட வேண்டும். பசைச் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டு ஜனவரியிலிருந்து ஆரம்பித்தேன்.