சரசு டீச்சரின் பாதி மாத்திரை

பெருமாட்டி போகும் பஸ்ஸிலிருந்து நான் இறங்கும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார்: "உங்க சரசு டீச்சர் காலைல போயிட்டாங்களாமா." மழைக்காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றிருக்கிறது. சாகிற வயதா அது? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். பங்குனி வெயிலிலும் கம்பளிச் சட்டை, கரகரத்த குரல். பாடம் நடத்தும்போதே கண் செருகும். தைராய்டு சுரப்பு குறைவு என்று கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஆனால் ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. நம் ஹெட்மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, சோம்பல்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

துணைக்குப் போன நான் ஒருநாள் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "படியேற முடியாம நிக்கறாங்க, எப்படிங்க நல்லா இருக்குதுங்கறீங்க?" சரசு டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உடுங்க டீச்சர். காயிதமே செரின்னு சொல்லுது, நாம என்னத்தச் சொல்றது" என்று சிரித்தார்.

காரியம் முடிந்த அன்று அவர் தங்கை வள்ளி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அவளுக்கும் அதே கழுத்து வீக்கம், அதே அசதி. நோய்க்காரி என்று தெரிந்தால் மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வைத்தியமே பார்க்கவில்லை. அக்கா தன் மாத்திரையில் பாதியைப் பூப்பொட்டலத்துக்குள் வைத்து வாராவாரம் சந்தையில் இவளிடம் கொடுத்திருக்கிறார்.

"டெஸ்ட்டு வருதுன்னா மட்டும் அக்கா முன்னாடியே முழுசாப் போட ஆரம்பிச்சிருமுங்க. டாக்டரு கண்டுபுடிச்சிருவாருன்னு."

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி வைப்போமே, அப்படி. சில வாரம் முழுதாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும், உடம்பு தேற மாதக்கணக்காகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா, டீச்சர்? உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. திட்டுவதற்கு வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது.

வள்ளியின் மாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், கடைசியில் சம்மதித்தார். அடுத்த வாரம் வள்ளியைக் கோயமுத்தூர் கூட்டிப் போகிறேன். நேற்று வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா மிச்சம் வெச்சிருக்கற மாத்திரைய அதுவரைக்கும் முழுசாப் போட்டுக்கட்டுங்களா? டெஸ்ட்டு நல்லா வருமில்லீங்க."

"வேண்டாங் கண்ணு. எப்படி இருக்கறயோ அப்படியே வா" என்றேன்.

சரசு டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, டாக்டரிடம் அவரோடு போய்வந்த அந்தக் கோயமுத்தூர் பஸ் பயணத்தைத்தான். அவர் உட்காரும் ஜன்னலோரத்தில் வள்ளியை உட்கார வைப்பேன். காற்று அடிக்காமல் ஜன்னல் படுதாவை இறக்கிவிட வேண்டும். அவளுக்கும் குளிரும்.