ஐஸ் பெக்டரிக் கரையில் தோணிக்கு இடமில்லையாம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் மூடிக்கிடந்த ஐஸ் பெக்டரியை உடைத்து, தொடர்மாடி, கடை, ஹோட்டல், நடைபாதை என்று ஒரு புது நகரமே கட்டுகிறார்கள். "என்ர தோணித் துறையையும் அடைக்கப் போறாங்களாம், வந்து நாலு வார்த்தை கதை" என்று மச்சான் தம்பிராசா போன் எடுத்தான். கதைக்க என்னை விட்டால் ஆர் இருக்கிறார்? போன சனிக்கிழமை வெளிக்கிட்டேன்.

செங்கலடிச் சந்தியில் காலை ஏழு மணி பஸ். பதினைந்து கிலோமீற்றர். நூறு ரூபா கொடுத்தேன், மிச்சம் தரவில்லை. நான் பார்த்த பார்வையில் அந்தக் கொண்டக்டர் இரண்டு நாள் சோறு தின்றிருக்கமாட்டான். புளியந்தீவில் இறங்கி ஓட்டோவுக்கு முந்நூறு.

அந்த பெக்டரியில் நான் மூன்று மாதம் வேலை செய்தவன். நான் லீவு எடுத்த நாளில் கல்முனை வரைக்கும் மீன் அழுகியதாகக் கதை. இப்போது ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து வாசலில் பூச்சாடி போல வைத்திருக்கிறார்கள். அங்கேயே எனக்கு விசர் பிடித்துவிட்டது.

பக்கத்துச் சரிவில் மச்சான் தோணியை ஏற்றி இறால் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு உள்ள துறை அது ஒன்றுதான். அது போனால் இரண்டு கிலோமீற்றர் தள்ளித்தான் கரை ஏறலாம். அதற்குள் இறாலும் கெடும், சந்தையும் கலையும்.

இருவரும் அந்தப் புது நகரத்து வீடு விற்கிற கந்தோருக்குள் போனோம். மேசையில் முழு நகரத்தையும் சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். நீலத் தண்ணீரில் நாலைந்து குட்டித் தோணிகளும் ஒட்டியிருந்தன. விளக்கம் சொல்ல ஒரு பிள்ளை வந்தாள்.

"இதில தோணி எங்க ஏறும், மகள்?" என்றான் மச்சான்.

"அது அழகுக்கு வச்சது, அங்கிள். கரை முழுக்க நடைபாதை. இந்த இடத்தில கோப்பிக்கடை."

"அப்ப தோணிக்காரன் வீட்ட போறல்லையா? தண்ணியிலேயே படுக்கிறதா?"

நான் இடையில் புகுந்தேன். "பிள்ளை, நான் ஆர் எண்டு தெரியுமா? மந்திரிமாருக்கே புத்தி சொன்னவன்."

"நீ சும்மா இருகா. பஸ்ஸில மிச்சக் காசு வாங்கத் தெரியாம வந்து நிக்கிறாய்" என்றான் மச்சான். சொல்லிக்கொண்டே ஒரு குட்டித் தோணியைப் பிய்த்துக் கோப்பிக்கடை வாசலில் வைத்தான்.

"தொடக் கூடாது, அங்கிள்."

"அதைத்தானே நாங்களும் சொல்லுறம், மகள்."

அவள் மேலிடத்தில் கேட்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நகரம் கட்ட வேண்டாமென்று எவன் சொன்னான்? தொடர்மாடியில் இருக்கப்போகிறவனும் இறால் தின்னத்தானே போகிறான். தோணி ஏற பத்து முழம் விட்டால் எந்த மாடி சரிந்துவிடும்? வரைபடம் கீறினவன் ஒரு நாளாவது ஈரக் காலோடு கரையேறியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அந்தக் கரையைப் பார்க்கப் போகிறவர்கள் வேளைக்கே போங்கள். அடுத்த மாதம் தகரவேலி வந்துவிடுமாம். தொப்பி கொண்டுபோங்கள், பஸ்ஸுக்குச் சில்லறையாக வைத்திருங்கள். கந்தோருக்குள் போகக் காசு கேட்கமாட்டார்கள், ஏசியும் நல்ல குளிர். உள்ளே போனால் கோப்பிக்கடை வாசலைப் பாருங்கள். அந்தத் தோணியைத் திரும்பத் தண்ணீரில் ஒட்டியிருந்தார்களென்றால், பிய்த்து வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.