ரதியின் இரண்டு முழங்கால்கள்

“1979 மாசி, வளர்பிறை ஐந்தாம் நாள். இரண்டு முழங்காலும் போச்சு. வலது கட்டியிருக்கிறது, இடது திறந்திருக்கிறது.” கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது.

மலையகத்து எல்கடுவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் அந்த வருஷம் நான்தான் ரதி; பெண்வேஷமும் ஆண்களே கட்டுவோம். காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை விலக முடியாது. வேறு ஆளும் போட மாட்டார்கள். பௌர்ணமியன்று சிவன் மதனை எரித்ததும், ரதி முழந்தாளிட்டு நகர்ந்தே அவனைச் சுற்றி வந்து அழ வேண்டும். நானோ ஒத்திகைக்குச் சேலை கட்டிப் போய், கொசுவம் தடுக்கிச் சரளைப் பாதையில் உருண்டிருந்தேன்.

தோட்டத்து மருந்துசாலையில் வேலை செய்த மச்சான், என் மனைவியின் அண்ணன், வாசலின் களிம்பு தடவிய துணியோடு வந்தார். மனைவி குறுக்கே நின்றாள்.

“கட்டுனா புழுங்கிப் போயிரும்ணே. புண்ணுக்குக் காத்து வேணும்.”

“நீ டாக்டருக்குப் படிச்சியாக்கும்?”

“நீங்க மட்டும்? அங்க போத்தல்தானே கழுவுறீங்க.”

“ரெண்டு காலு இருக்குல்ல, ஆளுக்கொன்னா எடுத்துக்குங்க,” என்றேன் நான்.

எடுத்துக்கொண்டார்கள். இடது முழங்காலுக்கு மனைவி முறத்தால் விசிறினாள். வலதை மச்சான் மூடியே வைத்தார். கட்டு மாற்றும்போது தங்கையை எட்டிப்பார்க்கக்கூட விடவில்லை. லயத்து வீடுகளில் பாதிப்பேர் வலது கட்சி, பாதிப்பேர் இடது கட்சி.

பௌர்ணமியன்று கட்டைப் பிரித்தால் வலதில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். இடதில் கறுத்த பொருக்கு, மடக்கினால் வெடித்தது.

“அதையும் கட்டியிருக்கலாம்ல அண்ணே?”

“நீதானே காத்து கேட்ட?”

கூத்தில் வலதை ஊன்றி, இடதை இழுத்து இழுத்துச் சுற்றினேன். வட்டம் கோணலாகப் போய், எரிந்து கிடந்த மதன்மேலேயே ஏறிவிட்டது. அவன் சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது. வலியில் என் அழுகை மட்டும் சுருதி பிசகவில்லை. “இப்படி அழுத ரதிய பாத்ததே இல்ல,” என்று மூக்கைச் சிந்தினார் ஒரு கங்காணி. என் மனைவியும் கண்ணைத் துடைத்தாள், சிரித்துச் சிரித்து.

வெகுகாலம் கழித்து ஒரு விஞ்ஞானக் கட்டுரை படித்தேன். மூடிய கட்டுக்குள் ஆவதுபோல் ஒட்சிசன் கொஞ்சம் குறைந்தால், காயத்தருகே உள்ள தோல் கலங்கள், அதாவது செல்கள், வளர்ச்சிக் காரணிகளுக்கு இன்னும் சுறுசுறுப்பாகப் பதில் கொடுத்து, நகர்ந்துபோய்ப் புண்ணை மூடுமாம். குறைவு நீடித்தால் ஓய்ந்துவிடுமாம். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப அண்ணன் ஜெயிச்சிட்டாரா?” என்று முகத்தைச் சுளித்தாள்.

அதையும் சொல்ல முடியவில்லை. கட்டுக்குள் ஈரம் காயாததும் காரணமாக இருக்கலாம். அந்தத் துணியில் வாசலினோடு வேறு மருந்தும் இருந்ததா என்று கேட்டால் மச்சான் இன்றும் பேச்சை மாற்றுகிறார். வலது ஆறியதன் காரணம் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.