இடக்கையால் வைத்த பிஸ்டல்

பழைய படப் பெட்டியைக் கிளறி அந்தப் படத்தை எடுத்தவர்கள் நீங்கள்தான். கண்ணில் பெரிய கண்ணாடி, கையில் பிஸ்டல், வாயெல்லாம் பல்லாக நான் நிற்கிற படம். "அப்பா, நீங்கள் ஆரைச் சுட்டனீங்கள்?" என்று மூத்தவள் கேட்டாள். சின்னவள் அன்று முழுக்க என் மடியில் வந்து இருக்கவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன் பிள்ளைகளே. நான் சுட்டது இரும்பு வட்டங்களை. அவற்றிலும் எல்லாம் விழவில்லை.

நாங்கள் ஜேர்மனிக்கு அகதியாக வந்த மூன்றாவது வருடம் அது. எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. சின்ன ஊர் ஒன்றின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. கடைக்கு மேலே உள்ள அறையில் நானும் உங்கள் அம்மாவும் இருந்தோம். நீங்கள் இருவரும் அப்போது பிறக்கவில்லை. கடைக்குக் கீழே நிலவறை. அங்கேதான் ஊர்க்காரர் சூட்டுப் பயிற்சி செய்வார்கள். காற்றடைத்த பிஸ்டல், மிளகளவு ஈயக் குண்டு. இங்கே அது பந்து விளையாட்டு மாதிரி ஒரு விளையாட்டு. கடை முதலாளியம்மாதான் அதற்கும் வாத்தியார். நல்ல உயரம், நல்ல அகலம், சிரிக்க நேரமில்லாத முகம்.

கீழே வெறுங் கிளாஸ் எடுக்கப் போன ஒரு நாள் அவர் என் கையில் பிஸ்டலைத் தந்தார். அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதை நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். "இவ்வளவு நாளில ஒரு கோப்பை உடைக்காத கை உம்மட கை. சுட்டுப் பாரும்." சுட்டேன். வட்டத்தின் நடுவில் பட்டது. இன்னொன்று சுட்டேன். அதுவும் பட்டது. படி ஏறி உங்கள் அம்மாவிடம் ஓடினேன்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்குப் பிடிக்கப் போறாராம்!" என்றார் அவர்.

"இது காத்துத் துவக்கப்பா. காகம்கூடச் சாகாது."

"காகம் சாகாட்டி, பிறகு எதுக்கு?"

ஆனாலும் குளிர்காலம் முழுக்கத் தொடக்க வகுப்புக்குப் போனேன். வசந்தத்தில் போட்டிக்கான மேல் வகுப்புத் தொடங்கியது. ஆறு சனிக்கிழமைகள். பக்கத்து ஊரோடு போட்டி. வழக்கு முடியாத அகதிகள் மாவட்ட எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும்; அந்த ஊர் அதே மாவட்டம் என்பதால் அது தேவைப்படவில்லை. கடை வாசலில் ஒரு கரும்பலகை. போட்டிக்குப் போகிற நாலு பேரின் பெயரை அதில் எழுதுவார்கள். மூன்று பெயர் எழுதியாகிவிட்டது. நாலாவது வரி வெறுமையாக இருந்தது. அந்த வரிமேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்த நாட்டில் என் பெயர் அதுவரை காத்திருப்பவர்கள் பட்டியலில் மட்டுந்தான் இருந்தது. ஒரு விளையாட்டுக்காக, சும்மா சந்தோசத்துக்காக, அதை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மேல் வகுப்பின் முறை இதுதான். தூரத்தில் நிறுத்திய இரும்பு வட்டங்களில் ஐந்தை வலக்கையால் சுட்டு விழுத்த வேண்டும். பிறகு வேறு குண்டு போட்டு இடக்கையால் ஐந்து. அதே இடக்கையால், குழல் வட்டங்களைப் பார்த்தபடி, பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

முதல் சனிக்கிழமை வலக்கையால் ஐந்தும் விழுந்தன. டங், டங் என்று அந்தச் சத்தம்! எனக்குத் தலைகால் தெரியவில்லை. இடக்கையால் இரண்டு விழுந்தன. இனி மேசையில் வைக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் முதலாளியம்மா நிற்கிறார். ஒரு பெரிய மனிதரின் பொருளை அவர் கண் முன்னாலேயே இடக்கையால் போட்டுவிட்டு வருவதா? கை தானாகவே மாறியது. பிஸ்டலை வலக்கையில் எடுத்தேன். இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டேன். திரும்பி, கொஞ்சம் குனிந்து, கோவிலில் ஐயரிடம் அர்ச்சனைத் தட்டுக் கொடுக்கிற மாதிரி அவரிடம் நீட்டினேன்.

குழல் அவருடைய வயிற்றைப் பார்த்தது.

எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். ஊர்த் தபால்காரரும் எங்களோடு பயின்றார். அவர் உட்காருகிற வாங்குக்குக் கீழே போய்விட்டார். முதலாளியம்மா மட்டும் அசையவில்லை. ஒரு விரலால் குழலைச் சுவர்ப்பக்கம் தள்ளினார்.

"என்ன செய்யிறீர்?"

"மரியாதை" என்றேன்.

"மரியாதை பிறகு. முதல் என்ர வயிறு."

அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. நான் திரும்ப முதலே தபால்காரர் வாங்குக்குக் கீழே தயாராக இருந்தார். "ஆள் கும்பிடப் போறார், படுங்கோ!" என்று கத்தினார். முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாச் சுடுறீர். ஆனா இன்னொருக்காத் திரும்பினீரெண்டால், வகுப்பு முடிஞ்சுது. பலகையில வேற ஆளின்ர பேர்."

சோற்றுக்கு முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். உங்கள் அம்மா கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழும்பி எனக்கு முன்னால் கையை நீட்டினார்.

"உப்பை எடுங்கோ. இடக்கையால தாங்கோ."

"உமக்கென்ன விசரோ?"

"தாங்கோ எண்டுறன்!"

இடக்கையால் யாராவது ஒரு சாமானை நீட்டினால் வாங்காமல் நிற்கிற மனிசி அவர். அன்றிலிருந்து நாலு கிழமை வீட்டில் எல்லாம் தலைகீழ். தேத்தண்ணி இடக்கையால். முகம் துடைக்கிற துவாய் இடக்கையால். வலக்கை தப்பித் தவறி வந்தால் அகப்பைக் காம்பால் அதில் ஒரு தட்டு. சாப்பாட்டு மேசையில் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்து, திரும்பாமல், மூன்று அடி பின்னால் நடக்கவும் பழக்கினார். அப்படி நடந்து ஒரு நாள் தண்ணி வாளிக்குள் கால் வைத்தேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கீழே இருந்து முதலாளியம்மா கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இடித்தார். சாமிப் படத்துக்குப் பூ வைக்கும்போது மட்டும் உங்கள் அம்மா, "இதுக்கு வேண்டாம், சாமி வகுப்புக்குப் போகேல்லை" என்றார்.

நடுவில் வந்த மூன்று சனிக்கிழமையும் முதலாளியம்மா தள்ளி நின்றதால் திரும்பாமல் தப்பிவிட்டேன். பிறகு ஆறாவது சனிக்கிழமை. வலக்கையால் ஐந்தும் விழுந்தன. இடக்கையால் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது ஆடி ஆடி நின்றே விட்டது. ஐந்தாவது விழுந்தது. முதலாளியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். வேண்டுமென்றே வந்தார் என்று நினைக்கிறேன். என் வலக்கை பிஸ்டலைத் தேடி வந்தது. அகப்பைக் காம்பை நினைத்தேன். பிஸ்டலை இடக்கையால் மெல்ல வைத்தேன். குழல் வட்டங்களைப் பார்த்துக் கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று அடி பின்னால்.

தபால்காரர் வாங்குக்குக் கீழே இருந்து தலையை நீட்டி, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

முதலாளியம்மா முதன்முதலாகச் சிரித்தார். என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோக்கட்டியைத் தந்தார். "நீரே எழுதும். உம்மட பேரை எழுத எனக்கு ஏலாது." எழுதினேன். பெயர் நீளம், வரி குட்டை. கடைசி நாலு எழுத்தும் பலகையின் மரச் சட்டத்தில் ஏறிவிட்டன. நின்று பார்த்தேன். உள்ளே போகிறவர்களுக்கு வழி விட்டுவிட்டு மறுபடி வந்து பார்த்தேன். படத்தில் இருக்கிற பல்லெல்லாம் அன்று தபால்காரர் என்னைக் கீழே கண்ணாடியும் பிஸ்டலுமாக நிறுத்திப் படம் எடுத்தபோது காட்டிய பல்தான்.

முதலாளியம்மா தந்த அப்பிள் கேக்கோடு படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். உங்கள் அம்மா கதவடியிலேயே நின்றார். கேக்கை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்தார்.

"பேர் எழுதியாச்சோ?"

"ஓம், எழுதியாச்சு!"

"அப்ப வகுப்பு முடிஞ்சுது" என்றார். "இனி வலக்கையால தாங்கோ."