நான் எடுத்துக்கொண்ட முகமூடிக்காரன்

சண்டைக் காலத்தில் திருச்சி ஜங்ஷன் வழியாகப் பட்டாளத்து ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்பா அங்கே டிக்கெட் கிளார்க். ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பெஞ்சில் விட்டுவிட்டுப் போன படக்கதைப் புத்தகத்தை, "இங்கிலீஷ் வளரும், படி" என்று கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷ் வளர்ந்ததோ இல்லையோ, என் தலைக்கனம் நன்றாக வளர்ந்தது.

அதில் மூன்று சூரர்கள். ஒருவன் பறப்பான். ஒருவன் இரும்புக் கதவைக் கையாலேயே பிய்ப்பான். மூன்றாமவன் முகமூடிக்காரன். பறக்கத் தெரியாது, பலமும் சுமார்தான். ஆனால் யார் மேலாவது வீண்பழி விழுந்தால் பயப்படாமல் நடுவில் போய் நிற்பான். கான்வென்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆளுக்கு ஒருவனை எடுத்துக்கொண்டோம். அவரவர் குணத்துக்குப் பொருந்த வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். கிளாஸ் லீடர் அல்லவா! முகமூடிக்காரனை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்படியே என் குணம்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா வண்டியில் வருவாள். கோயில் கைங்கரியக் குடும்பம். எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டு, கையலம்பிய பிறகுதான் எங்களோடு வந்து சேருவாள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. டாக்டராக வேண்டும் என்று ஆசை. "ஒரு புகார் போனாலும் அப்பா படிப்பை நிறுத்திடுவார்டி" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"நீ யாருடி?" என்று அவளைக் கேட்டோம்.

"எனக்கு ஒருத்தரும் வேண்டாம். நல்லது பண்றதுக்கு எதுக்குடி மூஞ்சியை மூடிக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

மறு வாரம் கான்வென்டின் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் திடீரென்று மேஜை மேஜையாகச் சோதித்துக்கொண்டு வந்தார். பாடப் புத்தகம் தவிர வேறெதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது. என் லீடர் பேட்ஜ் போய்விடுமே என்ற பயத்தில் என் மேஜையிலிருந்த படக்கதைப் புத்தகத்தை எடுத்து அவளுடைய துணிப்பைக்குள் செருகினேன். இந்தச் சாதுவை யார் சோதிக்கப் போகிறார்கள் என்று நினைத்ததாகப் பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அப்போது எதையும் நினைக்கவில்லை. என் மேஜை காலியானால் போதும் என்றிருந்தது.

மதர் அவள் பையையும் கவிழ்த்தார். மேலட்டையில், முழங்கால் தெரிய உடுத்திய ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினான் முகமூடிக்காரன்.

"யாருடையது இது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் அவள் அப்பாவை வரவழைத்தார்கள். அட்டையை ஒரு தரம் பார்த்தார். "படிச்சது போறும், கிளம்பு" என்றார். அதோடு முடிந்தது அவள் படிப்பு.

நாங்கள் வேதக்காரர்கள்; சனிக்கிழமை சர்ச்சில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முகம் தெரியாதபடி நடுவில் வைத்த தட்டிக்குப் பின்னால் இருந்த அவரிடம், "ஒரு பொய் சொன்னேன்" என்றேன். பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அங்கே தட்டி கிடையாது, அதனால் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. ஸ்ரீரங்கம் போனேன். அவள் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டியாமே, ரொம்ப சந்தோஷம். இவளும் உன்னை மாதிரி ஒழுங்கா இருந்திருந்தா படிச்சிருப்பாள், இல்லையா?"

பட்டுப்புடவையில் பக்கத்திலேயே நின்றிருந்தவள், அன்று பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். இப்போது பிடுங்கிக்கொள்ள என்னிடம் பேட்ஜ்கூட இல்லை.

"ஆமா, மாமா" என்றேன்.

அவள் தாம்பூலத் தட்டை நீட்டி, "எடுத்துக்கோடி" என்றாள். எடுத்துக்கொண்டேன்.