மெரிடித் அணியில் விழுந்த சந்தேகம்

அவனியாபுரம் பைபாஸ் ஓரம், விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் இடத்தில் பாண்டிமீனாவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் அங்கே நடக்கும். கழற்றிய கியர்பாக்ஸ் மேஜைமேல் இருந்தால் அவள் டீ குடிக்கக்கூட வெளியே போக மாட்டாள். போயே ஆகவேண்டும் என்றால் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்வாள். வேலைக்கு இருக்கும் ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் முன்பெல்லாம் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஒரு ரேஸ் கார் அணியில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் யாரையும் நம்பாதவளாக ஆனாள்.

அப்பா சுடலை பெரியார் பேருந்து நிலையத்துக்கும் அவனியாபுரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அம்மா ராக்கம்மாள் அடுத்தவர் வயலில் களை எடுத்தவள். அப்பாவின் ஆட்டோ நடுவழியில் நின்றால் இறங்கிப் பார்க்கும் பிள்ளை, மெக்கானிக்கல் படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் அணியில் சில காலம் இருந்தாள். பிறகு மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவள், படிப்பு முடிந்ததும் மெரிடித் ரேசிங் அணியில் கியர்பாக்ஸ் பிரிவில் சேர்ந்தாள்.

அந்த அணியை ஆரம்பித்தவர் வால்ட்டர் மெரிடித். இண்டியானாவில் டிராக்டர் ரிப்பேர் பார்த்த மனிதர். எழுபதுகளின் நடுவில், கடைக்குப் பின்னால் சோளம் கொட்டி வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து அதில் தானே ஒரு ரேஸ் கார் கட்டினார். எந்தக் கார் கம்பெனியும் அவருக்குத் துணை இல்லை. என்ஜினை மட்டும் வாடகைக்கு எடுப்பார். மற்றதெல்லாம் கொட்டகையிலேயே செய்தது. முதல் பந்தயத்தில் சக்கரம் கழன்று ஓடியதைப் பார்த்து ஊரே சிரித்தது. பத்து வருஷம் கழித்து ஒரு மழை நாளில், பெரிய அணிகள் டயர் மாற்ற ஓரம் கட்டிக்கொண்டிருக்க, மெரிடித் கார் மட்டும் நிற்காமல் சுற்றி வந்து ஜெயித்தது. அதற்குப் பிறகும் ஒரு முறை ஜெயித்தார்கள். சின்ன அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டோ பெரிய அணிகளோடு சேர்ந்துகொண்டோ போன காலத்திலும் மெரிடித் மட்டும் தனியாக நின்றது. வால்ட்டருக்கு வயதானதும் மகள் ஜோன் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பெரியவர் பந்தய நாட்களில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பழங்கதை பேசுவார்.

பாண்டிமீனா சேர்ந்த மூன்றாம் வருஷம், அவளும் ரிக் என்ற மூத்த மெக்கானிக்கும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்குள் தகடுகளை வேறு விதமாக அடுக்கினார்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது மற்ற கார்களின் பின்சக்கரம் வழுக்கும். மெரிடித் கார் வழுக்காமல் சீறிக்கொண்டு போனது. வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த அணி முன்வரிசைக்கு வர ஆரம்பித்தது.

அது நீடிக்கவில்லை. ஒரு பெரிய அணியின் கார் அதே வளைவுகளில் அதே மாதிரி சீறியது. தற்செயலாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். அடுத்த பந்தயத்திலும் அப்படியே நடந்தபோது யாரும் தற்செயல் என்று சொல்லவில்லை. விஷயம் உள்ளேயிருந்துதான் போயிருக்க வேண்டும். அடுக்கும் முறை தெரிந்தவர்கள் வால்ட்டர், ஜோன், ரிக், பாண்டிமீனா மட்டும்தான்.

அந்தப் பெரிய அணி சில மாதம் முன்பு பாண்டிமீனாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவள் மறுத்துவிட்டாள், மறைக்கக் கூடாது என்று நினைத்து அதை ஜோனிடமும் சொல்லியிருந்தாள். அதுவே இப்போது அவளுக்கு எதிராகத் திரும்பியது.

யாரும் முகத்துக்கு நேராக எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. கியர்பாக்ஸ் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. அவளுக்குச் சாவி தரவில்லை. ஒரு காலை தன் டூல் பாக்ஸைத் திறந்தவள், ஸ்பேனர்கள் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்தாள். யாரோ உள்ளே துழாவியிருக்கிறார்கள். ரிக்கிடம் கேட்டாள். அவன் குனிந்த தலை நிமிராமல், "எனக்குத் தெரியாது" என்றான்.

சீசன் முடிந்ததும் ஜோன் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு ஆள் குறைக்கிறோம் என்றாள். குறைத்தது அவள் ஒருத்தியை மட்டும்தான். குற்றம் சொல்லியிருந்தால் இல்லை என்று மறுத்திருக்கலாம். சொல்லாத குற்றத்துக்கு எப்படி மறுப்புச் சொல்வது? அந்த வேலை இருக்கும் வரைக்கும்தான் விசாவும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

சென்னையிலும் கோவையிலும் ரேஸ் அணிகளில் கேட்டுப் பார்த்தாள். முதலில் ஆவலாகப் பேசுவார்கள், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். அங்கிருந்து ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. நிரூபிக்க வழியில்லை. அதனால் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டாள். பழங்காநத்தத்தில் பேட்டரி கடை வைத்திருந்த சிவக்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதன். ஆனாலும் அவன் போனில் சத்தம் குறைத்துப் பேசினால் அவள் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

போன தை மாதம் ஜோனிடமிருந்து செய்தி வந்தது. மதுரைக்கு வருகிறேன், நேரில் பேச வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"கேஸு கீசு போடத்தான் வாராளோ?" என்றான் சிவக்குமார்.

"இம்புட்டு வருஷம் கழிச்சா?"

"அப்ப எதுக்கு? அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒருத்தி சும்மாவா வருவா?"

அதே சந்தேகம்தான் பாண்டிமீனாவுக்கும். இங்கே செய்யும் வேலையில் எதையாவது பார்த்துத் தங்களுடையது என்று உரிமை கேட்பார்களோ என்று நினைத்தாள். ஜோன் வரும் நாளில் மேஜையைத் துடைத்துக் காலி செய்து, எல்லாவற்றையும் உள்ளறையில் வைத்துப் பூட்டினாள். சட்டைப் பையில் போனை ரெக்கார்டில் போட்டுக்கொண்டாள்.

ஜோன் டாக்ஸியில் வந்து இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராக்கம்மாள் மகளை ஓரமாக இழுத்தாள்.

"எம்புள்ளைய வெரட்டி விட்டவ இவதானே? இவளுக்கு நான் டீ போடணுமா?"

"போட வேணாம்த்தா. கடையில வாங்கிக் குடுங்க."

ஜோன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்பா இறந்துட்டார் மீனா."

"கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருந்துச்சு."

"துக்கத்துக்கு அந்தப் பெரிய அணியிலேருந்து ஒரு என்ஜினியர் வந்திருந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்கப்பா எங்களுக்கு ஒரு வாத்தியார் மாதிரின்னு சொன்னார். பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பக்கத்துல உட்கார்ந்தா போதுமாம், எல்லாத்தையும் சொல்லுவாராம். தகடு அடுக்கறதை மேஜை மேல விரலால வரைஞ்சே காட்டியிருக்கார். அவருக்கு அப்பவே ஞாபகம் குழம்ப ஆரம்பிச்சிருந்தது. யார் நம்ம ஆள், யார் வெளியாள்னு அவருக்குத் தெரியல. நாங்க அதைக் கவனிக்கல. உன்னைக் கவனிச்சுக்கிட்டு இருந்தோம்."

 "அவர் இறந்து ரெண்டு வருஷமாச்சு" என்றாள் பாண்டிமீனா. "அன்னைக்கே தெரிஞ்சதுன்னா இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பா பேர் கெடும். ஸ்பான்சர்களும் போயிருப்பாங்க. அணியை மூடற வரைக்கும் எனக்குத் துணிச்சல் வரல."

"இப்ப மூடிட்டீங்க."

"மூடிட்டேன். பழைய கார்களுக்கான பந்தயத்துல மட்டும் ஓட்டலாம்னு இருக்கேன். மழையில ஜெயிச்ச அப்பாவோட கார் என்கிட்ட இருக்கு. கியர்பாக்ஸ் உடைஞ்சு கிடக்கு."

பாண்டிமீனா அவளை உற்றுப் பார்த்தாள். "அதைச் சரி பண்ணிக்கத்தான் வந்தீங்களா, இல்ல மன்னிப்புக் கேக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

அந்தப் பதில் மட்டும் பாண்டிமீனாவுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல வந்தவள் மன்னிப்புக்கு மட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"கோவைக்காரங்க போன் பண்ணிக் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

ஜோன் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "ஜாக்கிரதையா இருங்கன்னு சொன்னேன்."

இத்தனை வருஷமாக இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்த விஷயம். இப்போது காதாலேயே கேட்டுவிட்டாள். பாண்டிமீனா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"அணியில இருந்தவங்க எல்லாரும் என்னைத் திருடின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. இங்க உக்காந்து, என் கண்ணு முன்னாடி. அப்புறம் கோவைக்கும் சொல்லுங்க. கியர்பாக்ஸ் பேச்சை அதுக்குப் பிறகு பேசலாம்."

சாயங்காலம் வரை காத்திருந்தார்கள், அங்கே விடியவேண்டும் என்பதற்காக. ஜோன் ஒவ்வொருவராக வீடியோவில் கூப்பிட்டாள். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் குரல் தணிந்துகொண்டே போனது. ரிக் கேட்டு முடித்துவிட்டு, "மீனா பக்கத்துல இருக்காளா?" என்றான். போன் கைமாறியது.

"உன் டூல் பாக்ஸைத் திறந்தது நான்தான்" என்றான் ரிக். "ஜோன் சொல்லித் திறந்தேன். ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலன்னும் நான் யார்கிட்டயும் சொல்லல."

ஜோன் இதைச் சொல்லியிருக்கவில்லை. பாண்டிமீனா அவள் பக்கம் திரும்பினாள். ஜோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோன் கோவைக்கும் பேசிய பிறகுதான் பாண்டிமீனா அவளைப் போக விட்டாள்.

பழி நீங்கிய அன்று மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஆகவில்லை. ஜோன் இன்னும் எதை மறைத்திருக்கிறாள் என்ற யோசனைதான் ஓடியது. ஆனால் அடுத்த வாரம் கோவை அணியிலிருந்து கூப்பிட்டு, வேலை கொடுக்கத் தயார் என்றார்கள். வேலைக்கு ஆளாக அங்கே வர மாட்டேன், கியர்பாக்ஸை இங்கே அனுப்பினால் செய்து தருகிறேன் என்றாள். அனுப்பினார்கள்.

பங்குனி பிறந்ததும் இண்டியானாவிலிருந்து மரப்பெட்டி வந்து இறங்கியது. வேலையாட்கள் ஆணியைப் பிடுங்கப் போனார்கள். அவள் தடுத்து, பெட்டியை நடு முற்றத்துக்கு இழுக்கச் சொன்னாள். சிவக்குமாரைக் கடையிலிருந்து வரவழைத்துக் கையில் போனைக் கொடுத்தாள். சீல் உடையாமல் இருப்பதை முதலில் படம் பிடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் எடுத்து, எங்கே உடைந்திருக்கிறது என்று திருப்பிக் காட்டி, துணிமேல் வைத்தாள்.

"அவதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாள்ல?" என்றான் சிவக்குமார். "இன்னுமா நம்பல நீ?"

"நம்புறேங்க. நம்பாமலா வேலையை எடுத்தேன்?" என்று அடுத்த பல்சக்கரத்தைத் தூக்கினாள். "நீங்க வீடியோவ நிறுத்தாதீங்க."