மாயம்மாளின் குடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் பாத்திரத்தில் பெயர் வெட்ட வேண்டுமென்றால் பிச்சைமணியின் பாத்திரக்கடைக்குத்தான் வருவார்கள். எழுத்து ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். விருந்துக்குப் போன வீட்டிலும் தம்ளரைத் திருப்பிப் பார்த்து, யார் வெட்டினது என்று நொட்டை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

1958-ல் மிளகு வியாபாரி மஜீத் ஒரு சங்கம் தொடங்கினார். பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பழம்பொருள்களைத் தேடிக் காப்பாற்றி வைப்பது நோக்கம். சம்பளம் யாருக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, பிச்சைமணியின் கடை மாடியில் சேர்த்தார்கள். துடைத்து வைப்பது பிச்சைமணியின் பொறுப்பு.

மீன் விற்கும் அங்கம்மாள் ஒரு பித்தளைக் குடம் கொடுத்தாள். அவளுடைய பெற்றோர் வில்லிங்டன் தீவை மேடாக்க மண் சுமக்க வந்தபோது கொண்டுவந்தது. "பத்திரம் அண்ணாச்சி, எங்கம்மா பேரு அதுல இருக்கு" என்று மனமில்லாமல்தான் நீட்டினாள்.

கழுத்தில் 'மாயம்மாள்' என்று இருந்தது. ஆணியால் கீறிய கோணல் எழுத்து. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதை எப்படி வைப்பது? பிச்சைமணிக்குப் பொறுக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தார். கீறலை அரத்தால் ராவி எடுத்தார். அதே இடத்தில் அதே பெயரை உளியால் அழகாக வெட்டினார். அங்கம்மாள் பூரித்துப்போவாள் என்று நினைத்தார், பாவம்.

சேர்த்ததையெல்லாம் மாடியில் பார்வைக்கு வைத்த கண்காட்சியன்று அங்கம்மாள் குடத்தை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா பேரு இருக்கு. எங்கய்யா எழுதினது எங்க அண்ணாச்சி?"

"கோணலா கெடந்துச்சு தாயி. அதான் ராவிட்டு நல்லா வெட்டிட்டேன்."

"அவருக்கு எழுதத் தெரிஞ்சது இந்த ஒரு பேருதான். இந்தக் குடத்துல எழுதணும்னே படிச்சுக்கிட்டாராம்."

பிச்சைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றுகிறேன் என்று வாங்கிவந்து, காப்பாற்ற வேண்டியதையே அல்லவா தன் கையால் ராவி எறிந்திருக்கிறார்.

மஜீத்தான் தங்கையிடம் சொல்வதுபோல் சொன்னார். "குடத்தை வீட்டுக்கே கொண்டுபோயிக்கோ பெங்ஙளே."

"எனக்கு எதுக்கு?" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மாடிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குடத்துக்கு முன்னால்தான் நின்றார்கள்.

"என்னா எழுத்து சேட்டா, யாரு வெட்டினது?"

"நான்தான்" என்பார் பிச்சைமணி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

இவ்வளவு கைத்திறன் இருந்தும் எவ்வளவு அடக்கம் என்று மெச்சியபடி அவர்கள் படி இறங்குவார்கள்.